ஃபைலின் கடைசிப் பக்கத்தில் இருந்த நம்பர்: செக்கு உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டார மரச்செக்கு எண்ணெய் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவுக்கான தீர்மான நகல் வாட்ஸ்அப்பில் வந்தது. சந்தா உயர்வு, சங்கக் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பு, எல்லாம் சரி. ஏழாவது தீர்மானத்தில்தான் நின்றுவிட்டேன். லைசென்ஸ் புதுப்பிப்பு, ஆண்டு ரிட்டர்ன், லேப் பரிசோதனை, லேபிள், ஆய்வுக்குக் காட்ட வேண்டிய ஃபைல் என்று உறுப்பினர்கள் எல்லாருடைய உணவுப் பாதுகாப்பு வேலையையும் மொத்தமாக ஒரே கன்சல்டன்ட் நிறுவனத்திடம் ஆண்டுக் கட்டணத்துக்கு ஒப்படைத்துவிடலாம் என்கிறது அது. கீழே ஒரு வரி: "உறுப்பினர்கள் இனி உற்பத்தியில் மட்டும் கவனம் செலுத்தலாம்." அந்த வரிக்காகத்தான் இந்த மடல். கூட்டத்தில் எழுந்து நின்று பேசினால் எனக்குப் பாதியில் மறந்துபோகும், எழுத்தில் இருந்தால் நல்லது. அப்பளம் போடுகிறவர்கள், மாவு மில் வைத்திருக்கிறவர்கள், காபிப்பொடி அரைக்கிறவர்கள் எல்லாரையும் இதே கன்சல்டன்ட்டுகள் சுற்றிவருவதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் இப்போது செய்யப் போவதை நான் சில வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டேன். ஒரத்தநாட்டில் அப்பா காலத்துச் செக்கை எடுத்து, பாட்டிலில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப ஆரம்பித்த சமயம். ஆங்கிலத்தில் படிவம், போர்ட்டல், அப்லோட் என்று தலை சுற்றியது. ஒருவர் வந்தார், நல்ல மனிதர்தான், "ஸார், எல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். போட்டேன். இரண்டு வாரத்தில் ஸ்பைரல் பைண்டிங் செய்த தடி ஃபைல் வந்தது, முகப்பில் தங்க நிற எழுத்தில் எங்கள் பெயர். ரொம்பப் பெருமையாக மேசைக்குப் பின்னால் அலமாரியில் வைத்தேன். அதற்குப் பிறகு அதைத் திறக்கவில்லை.

ஒருநாள் ஆய்வுக்கு வந்த அலுவலர் அதை எடுத்துப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரை போனவர், "சந்தைக்குப் போன சரக்கைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தா இவரைக் கூப்பிடணும்னு ஒரு நம்பர் போட்டிருக்கீங்களே, யார் இவரு?" என்று கேட்டார். என் நம்பர் இல்லை. என் தம்பியுடையதும் இல்லை. அவர் தன் போனிலேயே அந்த நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நாலு ரிங் போனது. ஒரு பெண் எடுத்து, "மசாலா கம்பெனிங்க, சொல்லுங்க" என்றார். பின்னால் செக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் என் ஃபைலை நான் முதல் தடவையாகப் படித்தேன். எங்களிடம் இல்லாத மெட்டல் டிடெக்டரைத் தினமும் காலையில் சோதிப்பதாக இருந்தது. ஒரு பக்கத்தில் பால் சூடாக்கும் வெப்பநிலை வந்தது. அதை எந்தப் பால் பண்ணையிலிருந்து எடுத்து ஒட்டினாரோ! சரி, காப்பி அடித்தது போகட்டும். கடலை எண்ணெய் ஆட்டுகிறவனுக்கு உண்மையில் எது ஆபத்தோ, வாங்கும் கடலையின் ஈரமும் பூஞ்சையும், அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்றால் டெல்டாவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கூடுதலாக விடச் சொல்லி வருஷா வருஷம் கோரிக்கை வைக்கிற ஊர் இது. கடலைக்கு எவ்வளவு என்று நம் சங்கத்தில் கேட்டால் எத்தனை கை உயரும்? பருப்பில் ஏழு, எட்டு சதவீதத்தைத் தாண்டினால் ஆஸ்பெர்ஜில்லஸ் என்கிற பூஞ்சை வசதியாகக் குடியேறும். அது விடுகிற நஞ்சுக்குப் பெயர் அஃப்ளாடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரலைப் பிடிக்கிற நஞ்சு. வீட்டு அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அசையாது, வடை பொரித்தாலும் அப்படியே இருக்கும். பெரிய ஆலைகள் எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது இது பெரும்பாலும் போய்விடுகிறது. நாம் சுத்திகரிப்பதில்லை, அதைத்தான் விளம்பரமாகவே போடுகிறோம். அப்படியானால் நம் ஒரே பாதுகாப்பு, செக்கில் கொட்டுவதற்கு முன்னால் இருக்கிற முறமும் கையும்தான்.

எங்களிடம் கடலை புடைக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், என் அப்பா காலத்திலிருந்து. போன சித்திரையில் மார்கழிப் பட்டத்துக் கடலை வந்த நேரம், களத்தில் காயப்போட்டிருந்தபோது இரண்டு நாள் கோடை மழை பிடித்தது. அப்புறம் வந்த லோடில் ஒரு மூட்டையைப் பிரித்ததும் அவர் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். "தம்பி, இது நனஞ்சு காஞ்சது. மேல நல்லாத்தான் இருக்கும், உடைச்சுப் பாரு." உடைத்தேன். பருப்பின் இரண்டு பாதிக்கும் நடுவில் சாம்பலும் பச்சையுமாக ஒரு துளி பஞ்சு. பத்துப் பருப்பு உடைத்ததில் இரண்டில் இருந்தது. மூட்டையைத் திருப்பி அனுப்பினோம். வியாபாரி ஒரு வாரம் பேசவில்லை.

அந்த லோடில் மிச்சமிருந்ததைப் புடைத்து, சுருங்கினது, கறுத்தது, உடைந்தது எல்லாவற்றையும் அவர் பொறுக்கித் தள்ளினார். அஃப்ளாடாக்சின் எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருக்காது. சில பருப்பில் கொட்டிக் கிடக்கும், மற்றதில் துளிகூட இருக்காது. அதனால்தான் பொறுக்குவது இவ்வளவு பலன் தருகிறது. அதே காரணத்தால்தான் ஒரு பாட்டில் சாம்பிளை லேபுக்கு அனுப்பி வாங்கும் ரிப்போர்ட்டை நம்பி வருஷம் முழுக்கத் தூங்க முடியாது.

சாம்பிள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை ரிப்போர்ட்டைப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். என் கன்சல்டன்ட் போன் செய்து, "ஸார், லேபுக்கு ஒரு லிட்டர், நல்லதாப் பாத்துக் குடுங்க" என்பார். நானும் நன்றாகத் தெளிந்த, பொன்னிறமாக இருக்கிற பேட்சிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். லேப் அவருக்குத் தெரிந்த லேப். ரிப்போர்ட் எப்போதும் சுத்தமாக வரும். யாரும் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டதை நான் கொடுத்தேன், நான் கொடுத்ததை லேப் சோதித்தது. மழையில் நனைந்த கடலையில் ஆட்டின எண்ணெய் மட்டும் ஒரு லேபுக்கும் போகாமல் கடைக்குப் போனது. அது யார் வீட்டுச் சட்டிக்குப் போனதோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, ஃபைலில் வரவே வராத விஷயம். கடலையை ஆட்டும்போது இந்த நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயோடு வராமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். புண்ணாக்கை நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டு மாட்டுக்கு விற்கிறோம். மாடு தின்றால் அது எம்1 என்ற வேறு உருவில் பாலில் வந்துவிடுகிறது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் வெளியிட்ட தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 368-ல் இந்த எம்1 அளவு மீறியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551-ல் 88. மாநிலங்களிலேயே அதிக எண்ணிக்கை நம்முடையது. அதற்கெல்லாம் நம் புண்ணாக்குதான் காரணம் என்று சொல்ல வரவில்லை, மாட்டுத்தீவனம் பல வழியில் கெடுகிறது. ஆனால் கன்சல்டன்ட்டின் ஃபைல் பாட்டில் மூடியோடு முடிந்துபோகும். மனிதர் தின்கிற பண்டத்துக்குத்தானே அவருக்குக் காசு. புண்ணாக்கு எங்கே போகிறது, அதைத் தின்கிற பசுவின் பாலை எந்த வீட்டுக் குழந்தை குடிக்கிறது என்பது தெருவில் நடமாடுகிற நமக்குத்தான் தெரியும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006. அதன் 26-ஆம் பிரிவு, தன் கட்டுப்பாட்டில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் உணவு விதிப்படி இருப்பதை உறுதிசெய்யும் பொறுப்பை உணவுத் தொழில் நடத்துபவர் மேல்தான் வைக்கிறது. பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் 59-ஆம் பிரிவில் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம், அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாது. அந்த வரியில் கன்சல்டன்ட் என்ற சொல் எங்கேயும் இல்லை. என்னுடைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தபோது அதில் இருந்தது, எட்டாவது பத்தியில்: வாடிக்கையாளர் கொடுத்த தகவலை வைத்தே ஆவணங்கள் தயாரிக்கப்படுகின்றன, விளைவுகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது. தீர்மானத்தோடு வந்த மாதிரி ஒப்பந்தத்திலும் இதே சரக்கு உண்டு, பதினொன்றாவது பத்தி. பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. கடலை விஷயத்திலேயே பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் பிளேக்லி என்ற சின்ன ஊரில் ஒரு கடலை ஆலை. 2008, 2009-ல் அங்கிருந்து போன கடலை விழுதில் சால்மொனெல்லா கிருமி இருந்து 9 பேர் இறந்தார்கள், 700-க்கு மேற்பட்டவர்கள் படுத்தார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான், ஆலையே காசு கொடுத்துக் கூப்பிட்ட வெளி ஆடிட்டர் வந்து பார்த்துவிட்டு "மிகச் சிறப்பு" என்று மதிப்பெண் போட்டிருந்தார். வரும் தேதியும் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் பெரிய பெரிய கம்பெனிகள் வாங்கின. நெஸ்லே மட்டும் 2002-லேயே தன் சொந்த ஆட்களை அனுப்பிப் பார்த்துவிட்டு அந்த ஆலையிடம் வாங்க மறுத்துவிட்டது. 2015-ல் முதலாளிக்கு 28 ஆண்டு சிறை. அவர் தெரிந்தே கெட்ட சரக்கை அனுப்பினவர், அந்த ஆளோடு நம்மை ஒப்பிடவில்லை. எனக்கு உறுத்துவது வாங்கினவர்கள். தாளைப் பார்த்தவர்களுக்கும் ஆலையைப் பார்த்தவர்களுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

கொலராடோவில் முலாம்பழம் விளைவித்த ஓர் அண்ணன் தம்பி கதை இதைவிட நமக்கு நெருக்கம், ஏனென்றால் அவர்கள் திருடர்கள் இல்லை. 2011 ஜூலையில் வெளி ஆடிட்டர் 96 மதிப்பெண் போட்டார். அந்த ஆடிட்டரும் ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் ஆள் இல்லை, அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கைமாற்றிக் கொடுத்திருந்தது. உருளைக்கிழங்கு கழுவ வைத்திருந்த பழைய இயந்திரத்தை வாங்கி அவர்கள் பழம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அடுத்த சில வாரங்களில் லிஸ்டீரியா கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். குற்றவாளிக் கூண்டில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டது அந்த இரண்டு பேர்தான்.

தஞ்சை மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு தாளில் மட்டும் இருக்கிற பாதுகாப்பைப் பற்றி எழுதும்போது 2004 ஜூலை 16 ஞாபகத்துக்கு வராமல் போகாது. கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள். 2014-ல் விசாரணை நீதிமன்றம் தண்டித்தவர்களில் கட்டடத்துக்கு உறுதிச் சான்று கொடுத்த பொறியாளரும் ஒருவர். மேல்முறையீட்டில் வழக்கு எங்கே போனது என்பது தனிக் கதை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

சின்ன விஷயம் மாதிரித் தெரிகிற ஒன்றும் உண்டு. உங்கள் லைசென்ஸ் போர்ட்டலில் எந்த மொபைல் நம்பர் பதிவாகியிருக்கிறது? இப்போதே போய்ப் பாருங்கள். என்னுடையதில் கன்சல்டன்ட்டின் நம்பர், கன்சல்டன்ட்டின் ஈமெயில். ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். அவருக்கும் எனக்கும் கட்டணத்தில் சின்ன மனஸ்தாபம் வந்தபோது என் லைசென்ஸுக்குள் நானே நுழைய முடியவில்லை. மே 31-க்குள் போட வேண்டிய ஆண்டு ரிட்டர்ன் தாமதமானது, நாளுக்கு 100 ரூபாய் வீதம் கட்டினேன். அது போகட்டும். அலுவலர் எடுத்த சாம்பிள் தவறிவிட்டால், அந்த ரிப்போர்ட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் இருக்கிறது. தகவல் வேறொருவரின் இன்பாக்ஸில் பத்து நாள் தூங்கினால் என்ன ஆகும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் தீர்மானத்தில் தனியாக ஒரு கோளாறும் இருக்கிறது. இப்போது நான் ஏமாந்தால் நான் மட்டும்தான் ஏமாந்தேன். எல்லாருக்கும் ஒரே நிறுவனம், ஒரே ஃபைல், ஒரே லேப் என்றாகிவிட்டால் அங்கே விடுபட்ட ஒரு வரி நம் எல்லாச் செக்கிலும் விடுபடும். பட்டுக்கோட்டையில் ஒரு பாட்டில் பிடிபட்டால் பேராவூரணி வரைக்கும் எல்லார் பெயரும் கெடும். அதோடு, யார் எந்த வியாபாரியிடம் என்ன விலைக்குக் கடலை எடுக்கிறோம் என்பதெல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேரும். அந்த நிறுவனம் நாளைக்கு யாருக்கு வேலை செய்யும் என்று யார் கண்டது?

கன்சல்டன்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. லேபிளுக்கு நான் இன்றைக்கும் ஒருவருக்குக் காசு கொடுக்கிறேன். ஊட்டச்சத்து அட்டவணை, எழுத்தின் அளவு, பச்சைப் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் கடலை சீசனில் இரண்டு நாள் செக்கடியில் வந்து உட்கார்ந்து, மூட்டை இறங்குவதிலிருந்து எண்ணெய் தெளிகிற வரைக்கும் பார்த்துவிட்டு, நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதுகிற கன்சல்டன்ட் கிடைத்தால் இரட்டைக் கட்டணம் கொடுப்பேன். இப்போது என்னிடம் இருக்கிற ஃபைல் பதினாலு பக்கம்தான். பாதியை நான் எழுதினேன், மூட்டை பிரிக்கிற பக்கத்தை அந்த அக்கா சொல்ல என் மகள் எழுதினாள். அலுவலர் படித்துவிட்டு நாலு கேள்வி கேட்டார், நாலுக்கும் அக்காவே பதில் சொன்னார்.

ஆகவே ஏழாவது தீர்மானத்தை நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பணத்தில் வேறு சிலது செய்யலாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கடலைக்கான ஈரப்பத மீட்டர் இரண்டு மூன்று வாங்கிச் சங்கத்தில் வைத்தால் சீசனில் சுற்றி வரும். தஞ்சாவூரில் புதுக்கோட்டைச் சாலையில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, நம்மில் பலர் இன்னும் பழைய ஞாபகத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் என்றே சொல்கிறோம். உணவுப் பரிசோதனைக் கூடம் அங்கேயே இருக்கும்போது கன்சல்டன்ட் கைகாட்டுகிற லேபுக்கு ஏன் போக வேண்டும்? சங்கமே மொத்தமாகப் பேசி, சாம்பிளை நம் ஆளே எடுக்கட்டும். அதுவும் ஒருவர் செக்குக்கு இன்னொருவர் போய், எந்த பேட்ச் என்று சொல்லாமல் எடுக்கட்டும். சண்டை வரும், வரட்டும். 25 தொழிலாளர்களுக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே ஏற்பாடு உண்டு. நம் செக்குகளில் ஐந்து பேர், ஆறு பேர்தான், ஆனாலும் ஆளுக்கு ஒருவரை அனுப்பலாம். முதலாளியே போகாமல் புடைக்கிறவரை, பாட்டில் அடைக்கிறவரை அனுப்புங்கள். அந்த நாள் சம்பளத்தைச் சங்கம் கொடுக்கட்டும். புண்ணாக்குக்கு ஒரு தனி நோட்டுப் போட்டு, எந்தக் கடலையின் புண்ணாக்கு யார் வீட்டுக்குப் போனது என்று எழுதிவைப்பது பத்து நிமிஷ வேலை. போர்ட்டலில் அவரவர் நம்பரை அவரவரே மாற்றிக்கொள்ள சங்க அலுவலகத்தில் ஒரு சனிக்கிழமை உட்காரலாம். தெரியாதவர்களுக்கு என் மகள் வந்து செய்து கொடுக்கிறேன் என்கிறாள்.

பொதுக்குழுவுக்கு வரும்போது எல்லாரும் அவரவர் ஃபைலைக் கையோடு எடுத்து வாருங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும். டீ வருவதற்குள் ஒவ்வொருவராக அதைப் போட்டு ஸ்பீக்கரில் வைப்போம். அப்புறம் ஓட்டெடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரத்தநாட்டிலிருந்து உங்கள் சங்க உறுப்பினர்களில் ஒருவன்